வேலை தேடி ஆட்கள் வந்த ஊர்

போன கிழமை தரம் 10 வகுப்பில் கைத்தொழில் பற்றிய பாடம். பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "ஒரு காலத்தில நம்மட வாழைச்சேனைக்கு நாடு முழுக்க இருந்து ஆக்கள் வேலைக்கு வந்தாங்க" என்று சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பையன் சிரித்துவிட்டான். "இஞ்சயா சேர்? வேலைக்கா?" வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். வீட்டில் யாராவது வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. கட்டார், சவூதி, குவைத், கொரியா. மிச்சப் பேரில் சிலருடைய வாப்பாமார் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். வேலை என்றால் ஊரை விட்டுப் போவது. அவர்களுக்குத் தெரிந்த ஒரே திசை அதுதான். ஊருக்குள் வேலைக்கு ஒருவன் வந்து இறங்குவான் என்பது அவர்களுக்குக் கதை போல இருக்கிறது.

எனக்கு அது கதை இல்லை. என் வாப்பாவே அப்படி வந்து இறங்கியவர்தான். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுமை உள்ளவர்கள் வாசியுங்கள்.

முதலில் வரலாறு. சுதந்திரத்துக்குப் பின் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1948 தொடக்கம் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்தார். அவருடைய அரசியல் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கலாம். ஆனால் வடக்கு கிழக்கின் மூன்று பெரிய அரச தொழிற்சாலைகள் அவருடைய பெயரோடுதான் சேர்த்துப் பேசப்படுகின்றன. காங்கேசன்துறை சீமெந்து, பரந்தன் இரசாயனம், வாழைச்சேனைக் கடதாசி. நமது ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1956 இல். 1955 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், பிறகு 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் இந்தத் தொழிற்சாலைகள் கூட்டுத்தாபனங்களாக்கப்பட்டன.

ஆண்டைக் கவனியுங்கள். 1956. அதே ஆண்டு ஜூனில்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. அதே மாதத்தில்தான் கல்லோயாவில் கலவரம். மொழியின் பேரால் நாடு பிரியத் தொடங்கிய ஆண்டிலேயே மூன்று மொழி பேசுகிற ஓர் ஆலை நமது ஊரில் ஓடத் தொடங்கியது. இதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். பரீட்சைக்கு வராது என்பதால் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

ஏன் வாழைச்சேனை? வைக்கோலுக்காக. இலுக்குப் புல்லையும் யோசித்துப் பார்த்தார்கள், கடைசியில் நிலைத்தது வைக்கோல்தான். தெற்கே மட்டக்களப்பு வயல்கள், மேற்கே பொலன்னறுவை வயல்கள், நடுவே 1928 இல் இருந்தே ஓடிக்கொண்டிருந்த ரயில் பாதை. அதுவரை சூடடித்து முடிந்தால் மாட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் களவெட்டியிலேயே கொளுத்திவிடுவார்கள். ஆலை வந்த பிறகு அந்தக் குப்பைக்கு விலை வந்தது. போடிமாருக்கும் காசு, வண்டிக்காரருக்கும் காசு, பிறகு லொறிக்காரருக்கும் காசு. ஒரு தொன் கடதாசிக்கு ஏறத்தாழ இரண்டரை, மூன்று தொன் வைக்கோல் வேண்டும் என்றால் எத்தனை வண்டி என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் லொறிகளில் இருந்து சிந்திய வைக்கோல் வீதியில் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும் என்று உம்மா சொல்வார்.

வைக்கோலைத் துண்டு துண்டாக வெட்டி, பெரிய இரும்புக் கலன்களில் எரிசோடா போட்டு நீராவியில் அவிப்பார்கள். அவிந்ததைக் கழுவி, குளோரினால் வெளுப்பாக்கி, தண்ணீரில் கஞ்சி போலக் கரைத்து, ஓடிக்கொண்டிருக்கும் கம்பி வலையில் ஊற்றுவார்கள். தண்ணீர் வடிய, நார் படிய, அது ஈரத் தாளாகி, உருளைகளுக்கிடையில் பிழியப்பட்டு, சூடான உருளைகளில் காய்ந்து, மறுமுனையில் சுருளாக வரும். வைக்கோல் நார் கட்டையானது. அதனால் தாள் உறுதியாக வர, வெளிநாட்டு மர நாரையும் கொஞ்சம் கலக்க வேண்டும். எரிசோடாவும் குளோரினும் பரந்தனில் செய்யப்பட்ட பொருட்கள். பரந்தனுக்கு உப்பு ஆனையிறவில் இருந்து. ஆனையிறவு உப்பும் பொலன்னறுவை வைக்கோலும் வாழைச்சேனையில் சந்தித்துக் கொப்பியாகி காலிப் பிள்ளையின் பைக்குள் போனது என்று சொன்னால் மிகையில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. அவித்த வைக்கோலின் கறுப்புக் கழிவு நீர் நமது வாவிக்குள்தான் போனது. மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் அதற்காகக் கொடுத்த விலையை ஆலையின் பெருமை பேசுகிற யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளம் வாங்கிய வீட்டுப் பிள்ளை நான். அந்த மணத்தை நாங்கள் "காசு மணம்" என்று பகிடியாகச் சொல்வோம். வாவிக்கரையில் இருந்தவர்களுக்கு அது பகிடியாக இருந்திருக்காது.

இனி வாப்பாவின் கதை. அவர் கம்பளையைச் சேர்ந்தவர். 1967 இல் பிட்டர் வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியுடன் ரயில் ஏறினார். கம்பளையில் இருந்து பொல்கஹவலை, பிறகு மாகோ, அங்கிருந்து மட்டக்களப்புக்குப் போகும் இரவு ரயில். கல் மலையும் தேயிலையும் குளிரும் பார்த்து வளர்ந்த ஆள். விடியப்புறம் கண் விழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் காடு. புணானை என்று பெயர்ப்பலகை. பக்கத்தில் இருந்த ஒருவர், இந்தப் பாதையில் ஆட்களைத் தின்ற ஒரு புலி இருந்தது, வெள்ளைக்காரன் ஒருவன் சுட்டான் என்று கதை சொல்லியிருக்கிறார். கதை உண்மைதான். நாம் புலி என்று சொன்னாலும் அது சிறுத்தை. 1924 இல் ஷெல்டன் ஏகார் என்பவர் சுட்டார். நாற்பத்து மூன்று வருடத்துக்கு முந்திய சங்கதி. ஆனால் வாப்பாவுக்கு அது நேற்று நடந்த மாதிரி இருந்ததாம். அடுத்த ரயிலில் திரும்பிவிடுவோமா என்று வாழைச்சேனை நிலையத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து யோசித்ததாகச் சொல்வார். திரும்பிப் போக டிக்கட்டுக்குக் காசு போதாததால் ஆலைக்கு நடந்தாராம்.

வந்த இடத்தில் அவருக்கு முதல் பிரச்சினை தமிழ். சிரிக்காதீர்கள். அவரும் தமிழ் பேசுகிறவர், நாமும் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் நமது "மறுகா"வும் "கிறுகி வா"வும் அவருக்கு விளங்கவில்லை. "மறுகா வாங்க" என்று ஒரு கடைக்காரர் சொல்ல, அது யாரோ ஆளின் பெயர் என்று நினைத்தாராம். அவருடைய ஊரில் மூத்தவரை "நானா" என்பார்கள், இங்கே "காக்கா". கொஞ்ச நாளில் அவரே "கம்பளைக் காக்கா" ஆகிவிட்டார். சாகும்வரை அந்தப் பெயர்தான்.

இரண்டாவது பிரச்சினை, இந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி இருந்தது. தாய்வழியாக வருகிற குடி. "என்ன குடி மகன்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். கம்பளையில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. குடி இல்லாத ஆளை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல் சிலர் அவரைச் சில காலம் தள்ளியே வைத்திருந்தார்கள். கல்யாணம் பேசியபோதும் இதுதான் தடையாக நின்றதாம். கடைசியில் உம்மாவின் வாப்பா, "மாப்பிள்ளைக்குக் குடி இல்லாட்டி என்ன, பிள்ளைகளுக்குத் தாயிட குடி இருக்குதானே" என்று முடிவு சொல்லி, நமது வழக்கப்படி மகளுக்கு வீட்டைக் கொடுத்தார். அதாவது நமது பழைய வழக்கமே வெளியாள் ஒருவனை உள்ளே எடுப்பதற்கு வழி செய்தது. வந்தேறி என்று இன்று லேசாகப் பேசுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். உங்கள் வளவுகளிலும் இப்படி ஒரு கம்பளைக் காக்கா, ஒரு மாத்தளைக் காக்கா இருந்திருப்பார்.

ஆலைக்குள் மூன்று சிப்ட். சங்கு ஊதினால் ஒரு கூட்டம் உள்ளே, ஒரு கூட்டம் வெளியே. வாப்பா வேலை செய்த பகுதியில் யாழ்ப்பாணத்து மேற்பார்வையாளர் ஒருவர், பேத்தாழையிலிருந்தும் கல்குடாவிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள், ஓட்டமாவடியிலும் மீராவோடையிலும் இருந்து நம்மவர்கள், குருநாகல் பக்கத்துச் சிங்களவர்கள், மட்டக்களப்புப் பறங்கியர் இருவர். மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் மட்டக்களப்பில் பறங்கியர் பேர்போனவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை பேருக்கும் பொதுவான மொழி எது என்று வாப்பாவிடம் கேட்டேன். "தாள் அறுந்தா எல்லாரும் ஒரே மொழிதான்" என்றார். ஓடிக்கொண்டிருக்கும் தாள் நடுவில் அறுந்தால் ஒரு நிமிடத்துக்குள் எல்லாரும் ஓடிவந்து அதைப் பிடித்து மறுபடி உருளைக்குள் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சிங்களத்தில் ஒருவன் கத்துவான், தமிழில் ஒருவன் ஏசுவான், வால்வ், பம்ப், ரோலர் என்ற பெயர்கள் மட்டும் எல்லார் வாயிலும் ஒன்றாக இருக்கும்.

நான் இதை இன ஐக்கியம் என்று பூசி மெழுக விரும்பவில்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பித்தான் சேர்ந்திருந்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. கடதாசி இயந்திரம் பொங்கலுக்கும் நிற்காது, பெருநாளுக்கும் நிற்காது, வெசாக்குக்கும் நிற்காது. அதனால் ஒருவனுடைய பண்டிகை நாளில் மற்றவன் நின்றே ஆக வேண்டும். இதற்காக வாப்பா ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தார். யாருக்காக எத்தனை சிப்ட் தான் நின்றார், தனக்காக யார் நின்றார் என்று கணக்கு. தைப்பொங்கலுக்கு இன்னாருக்கு ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னாரிடம் ஒன்று. வெசாக்குக்கு இரண்டு. கடைக் கணக்கு மாதிரித்தான். அன்பு பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் முப்பதுக்கு மேற்பட்ட பெயர்கள் மூன்று மொழிக்காரருடையவை அதில் இருக்கின்றன. இன்றைக்கு நம்மில் யாரிடம் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது?

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி. எனக்கு அப்போது ஆறு வயது. கூரை போன சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது. விடிந்ததும் வாப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு ஆலைக் குவாட்டஸில் இருந்த ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டுக்குப் போனார். கல் வீடு என்பதால் நின்றுபிடித்திருந்தது. ஏற்கெனவே அங்கே இரண்டு தமிழ்க் குடும்பங்கள். ஒன்பது நாள் ஒரே அடுப்பு. ஹலால் பற்றி உம்மா தயங்க, அந்த வீட்டு அம்மா மீனும் பருப்பும் தவிர வேறெதையும் அந்த ஒன்பது நாளும் சமைக்கவில்லை. அந்தக் குடும்பம் 1983 க்குப் பிறகு மாறிப் போனது. முகவரி எங்களிடம் இல்லை.

ஆலை ஏன் படுத்தது என்று கேட்டால் யுத்தம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது பாதிதான் உண்மை. 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து வெளிநாட்டுக் கடதாசி மலிவாக இறங்கத் தொடங்கியது. வெள்ளைத் தாளைப் பார்த்த கண்ணுக்கு நமது மங்கல் தாள் பிடிக்கவில்லை. இயந்திரங்கள் பழையவை. வைக்கோலைக் காலம் தவறாமல் சேர்ப்பதே ஒரு போராட்டம். எம்பிலிப்பிட்டியவில் இரண்டாவது ஆலையும் வந்தது. யுத்தம் அதன் மேல்தான் வந்தது. பரந்தன் நின்றது, ரயில் விட்டு விட்டு ஓடியது, பிறகு ஓடவே இல்லை.

அதைவிடப் பெரிய சேதம் ஆட்களுக்குள் நடந்தது. 1985 ஏப்ரலில் தமிழருக்கும் நமக்கும் இடையில் மூண்ட கலவரம். 1990 ஜூனில் மீண்டும் யுத்தம். ஓகஸ்ட் 3 காத்தான்குடி, ஒரு கிழமைக்குப் பின் ஏறாவூர். அந்த நாட்களை இங்கே விரித்து எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. தமிழ்க் கிராமங்களிலும் அந்த ஆண்டு கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அவர்களுடைய எல்லைக்குள் நாம் போகவில்லை, நம்முடைய எல்லைக்குள் அவர்கள் வரவில்லை. ஒரே கோறளைப்பற்று இன்று ஐந்து பிரதேச செயலகம். எந்தக் கந்தோர் எந்த இனத்துக்கு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நிர்வாக வசதிக்குத்தான் என்கிறார்கள். இருக்கலாம். முன்பு ஓட்டமாவடி இரும்புப் பாலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே பாதை. ரயில் வந்தால் எல்லாரும் இரண்டு கரையிலும் சேர்ந்து காத்து நிற்க வேண்டும். 2010 இல் புதுப் பாலம் திறந்த பிறகு அந்தக் காத்திருப்பும் இல்லை. பாலம் வேண்டும்தான், நான் அதற்கு எதிரி இல்லை.

2021 எனக்கு மறக்க முடியாத ஆண்டு. பல வருடம் மூடிக் கிடந்த ஆலையை அந்த ஆண்டு மறுபடி இயக்கி வைத்தார்கள். பழைய கடதாசியை மீள்சுழற்சி செய்வது என்ற ஏற்பாடு. அதே ஆண்டு மார்ச் 5 ஆம் திகதி முதல், கொரோனாவில் இறந்தவர்களை நமது சூடுபத்தினசேனையில் அடக்கத் தொடங்கினார்கள். நாட்டின் எல்லாப் பக்கத்திலும் இருந்து ஜனாஸாக்கள் வந்தன. முஸ்லிம்கள் மட்டுமல்ல, வேறு மதத்தவர் சிலரும் அங்கே அடங்கியிருக்கிறார்கள். நமது இளைஞர்கள் இரவு பகலாக நின்று உதவினார்கள். நாடு முழுவதிலுமிருந்தும் மறுபடி ஆட்கள் நமது ஊருக்கு வந்தார்கள். ஆனால் வந்தது வேலைக்கு இல்லை.

அடுத்த வருடம், 2022 மார்ச்சில், கடதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். செய்தியைப் பார்த்ததும் வாப்பாவை நினைத்தேன். அவர் இருந்திருந்தால் நன்றாக ஏசியிருப்பார்.

அவர் மௌத்தானது 2011 இல். பெட்டியில் அந்தக் கொப்பி இருந்தது. கடைசிப் பக்கம் 1990. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டு நோன்புக்குள் வந்தது. பேத்தாழையைச் சேர்ந்த தன் கூட்டாளிக்காக வாப்பா நோன்போடு புத்தாண்டன்று ஒரு சிப்ட் நின்றிருக்கிறார். கூட்டாளி வாப்பாவுக்காக நோன்பின் கடைசிப் பத்தில் மூன்றும், பெருநாளன்று ஒன்றும் நின்றிருக்கிறார். கழித்துப் பார்த்தால் வாப்பா கொடுக்க வேண்டியது மூன்று. பக்கத்தில் பென்சிலால் "ஆடி, அம்மன் சடங்குக்கு" என்று எழுதியிருக்கிறது. ஆடி வருவதற்குள் ஜூன் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த ஆளை வாப்பா காணவே இல்லை. சமாதான காலத்தில் 2003 இல் பேத்தாழைக்குப் போய் விசாரித்தார். குடும்பம் இடம் பெயர்ந்துவிட்டது, எங்கே என்று தெரியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து, "மூணு சிப்ட் நான் குடுக்கோணும்" என்று மட்டும் சொன்னார். கடனோடு மௌத்தாகக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பான ஆள்.

இந்தக் கிழமை அந்தக் கொப்பியை வகுப்புக்குக் கொண்டுபோனேன். சிரித்த பையன்தான் முதலில் கையில் வாங்கிப் பார்த்தான். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "சேர், இந்தத் தாளும் இஞ்ச செஞ்சதா?" என்று கேட்டான். தடவிப் பார்க்கச் சொன்னேன். வெளிச்சத்தில் பிடித்தால் வைக்கோல் நார் இன்னும் தெரிகிறது.

இதை வாசிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீடுகளில் ஆலையில் வேலை செய்தவர்களுடைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, படம், கொப்பி ஏதும் கிடந்தால் பழைய கடதாசி வாங்குபவனுக்குப் போடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், அல்லது பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தருவேன். இன்னொன்று. 1990 வரை இயந்திரப் பகுதியில் வேலை செய்த, பேத்தாழையில் இருந்த, இடது கையால் எழுதுகிற ஒருவரை, அல்லது அவருடைய பிள்ளைகளை யாருக்காவது தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பெயரை இங்கே பகிரங்கமாக எழுதவில்லை. மூன்று சிப்ட் கணக்கு ஒன்று இருக்கிறது.